தப்பான நெட்வொர்க்ல போன கிரிப்டோவைத் திரும்ப எடுக்கிறது எப்படி

எக்ஸ்சேஞ்ச்ல வித்ட்ரா போட்டாச்சு, அங்க "கம்ப்ளீட்டட்"னு பச்சையா காட்டுது, வாலட்டைத் திறந்து பார்த்தா பேலன்ஸ் ஜீரோ. அஞ்சு நிமிஷம் பார்க்கிறோம், பத்து நிமிஷம் பார்க்கிறோம், ஆப்பை மூடித் திறக்கிறோம், அப்புறம்தான் வித்ட்ரா ஹிஸ்டரியில நெட்வொர்க்னு போட்டிருக்கிற இடத்துல நாம நினைச்ச பேர் இல்லாம வேற ஒரு பேர் இருக்கிறது கண்ணுல படுது, அந்த நிமிஷம் வயித்துல புளியைக் கரைக்கும். எனக்கு அப்படி மாட்டுனது 640 யூஎஸ்டிடி (டாலர் விலையிலேயே நிக்கிற காயின்). ஃபீஸ் கம்மியா இருக்கேன்னு பாலிகான் நெட்வொர்க்கைத் தொட்டுட்டேன், என் மெட்டாமாஸ்க் வாலட்ல எத்திரியம் மட்டும்தான் திறந்திருந்துச்சு. கடைசியில அந்தப் பணத்தை எடுக்க அரை மணி நேரம் கூட ஆகல. ஆனா அது அவ்வளவு சுலபம்னு தெரியுறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் தூக்கமில்ல, அந்த ரெண்டு நாள்ல "உங்க வாலட்டை சிங்க் பண்ணித் தரோம்"னு சொன்ன ஒரு சைட்ல என் சீட் ப்ரேஸ் (வாலட்டையே திறக்கிற ரகசிய வார்த்தைகள்) 12 வார்த்தையில 7 வார்த்தை டைப் பண்ணிட்டேன், ஏதோ மனசு உறுத்தி அப்படியே மூடிட்டேன். முழுசா அடிச்சிருந்தா 640 மட்டுமில்ல, அந்த வாலட்ல இருந்த மொத்தமும் போயிருக்கும். அதனாலதான் இதைக் கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல் வேலை, எதையும் அவசரப்பட்டுத் தொடாதீங்க. தப்பான நெட்வொர்க்ல போன காயின் காத்துல கரைஞ்சு போகாது, அந்த செயின் (நெட்வொர்க்கைத்தான் செயின்னும் சொல்றோம்) ஓடிக்கிட்டு இருக்கிற வரைக்கும் எந்த அட்ரஸ்ல விழுந்துச்சோ அங்கேயே உட்கார்ந்திருக்கும். (பல பேர் சாவியும் சேர்ந்தாத்தான் திறக்கிற மல்டிசிக் வாலட் மட்டும் இதுக்கு விதிவிலக்கு, அதைக் கீழ சொல்றேன்.) நீங்க கண்டுபிடிக்க வேண்டியது ரெண்டே கேள்விக்குப் பதில்: காயின் எந்த செயின்ல எந்த அட்ரஸ்ல இருக்கு, அந்த செயின்ல அந்த அட்ரஸோட சாவி யார் கையில இருக்கு. இந்த ரெண்டாவது கேள்விக்கு என்ன பதிலோ அதை வெச்சுத்தான் பணம் திரும்ப வருமா வராதாங்கிறது.

ஹேஷை எடுத்துக்கிட்டு எக்ஸ்ப்ளோரருக்குப் போங்க

அனுப்பின இடத்தோட ஹிஸ்டரியில டிஎக்ஸ்ஐடின்னோ ட்ரான்ஸாக்ஷன் ஹேஷ்னோ ஒரு நீளமான வரிசை இருக்கும், அதை காப்பி பண்ணுங்க. எக்ஸ்ப்ளோரர்ங்கிறது ஒரு செயின்ல நடந்த ட்ரான்ஸாக்ஷனை எல்லாம் காட்டுற சைட், எத்திரியம்னா ஈதர்ஸ்கேன், பிஎன்பி ஸ்மார்ட் செயின்னா பிஎஸ்சிஸ்கேன், பாலிகான்னா பாலிகான்ஸ்கேன், ஆர்பிட்ரம்னா ஆர்பிஸ்கேன், பேஸ்னா பேஸ்ஸ்கேன், ட்ரான்னா ட்ரான்ஸ்கேன், சொலானான்னா சோல்ஸ்கேன். ஒவ்வொரு எக்ஸ்ப்ளோரருக்கும் அதோட சொந்த செயின் மட்டும்தான் தெரியும், அதனால பாலிகான்ல போன ட்ரான்ஸாக்ஷனை ஈதர்ஸ்கேன்ல தேடினா "கிடைக்கல"ன்னுதான் வரும், அதைப் பார்த்துட்டு பணமே போச்சுன்னு உட்கார்ந்துடாதீங்க, நான் முதல் நாள் பண்ணின தப்பே அதுதான். எந்த செயின்னே தெரியலன்னா உங்க அட்ரஸை பிளாக்ஸ்கேன்லயோ டிபேங்க்லயோ போட்டுப் பாருங்க, எத்திரியம் குடும்பத்துல இருக்கிற பெரும்பாலான செயின்ல அந்த அட்ரஸ் பேர்ல என்ன இருக்குன்னு ஒரே இடத்துல காட்டிடும். இதுக்கு அட்ரஸ் மட்டும் போதும், வாலட்டை கனெக்ட் பண்ணத் தேவையே இல்ல.

ட்ரான்ஸாக்ஷன் பக்கம் திறந்ததும் மேல ஸ்டேட்டஸ் பாருங்க. ஃபெயில்டுன்னு இருந்தா காயின் உங்க கையை விட்டே போகல, கேஸ் ஃபீஸ் (நெட்வொர்க்குக்குக் கட்டுற கட்டணம்) மட்டும்தான் போயிருக்கும். பெண்டிங்னு இருந்து, அனுப்பினது உங்க சொந்த வாலட்லேர்ந்துன்னா, அதே நான்ஸ் நம்பர்ல (உங்க வாலட் அனுப்புற ட்ரான்ஸாக்ஷனோட வரிசை எண்) ஃபீஸ் அதிகமா வெச்சு வேற ட்ரான்ஸாக்ஷன் அனுப்பிப் பழசை ரத்து பண்ணலாம், மெட்டாமாஸ்க்ல கேன்சல் பட்டன் பண்றது இதைத்தான். எக்ஸ்சேஞ்ச்லேர்ந்து அனுப்பி இன்னும் ஹேஷே வரலன்னா அவங்க இன்னும் செயினுக்கு அனுப்பலன்னு அர்த்தம், உடனே அங்க கேன்சல் பட்டன் இருக்கான்னு பாருங்க, சப்போர்ட் சாட்டும் திறங்க, இங்க ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

சக்சஸ்னு இருந்தா அடுத்து அட்ரஸைப் பார்க்கணும், இங்க நிறைய பேர் குழம்புவாங்க. யூஎஸ்டிடி மாதிரி டோக்கன் (செயினோட சொந்த காயினா இல்லாம அது மேல ஓடுற காயின்) அனுப்பினா மேல "டூ"ங்கிற இடத்துல உங்க அட்ரஸ் இருக்காது, அந்த டோக்கனை நடத்துற ப்ரோகிராமோட அட்ரஸ், அதாவது காண்ட்ராக்ட் அட்ரஸ்தான் இருக்கும், அதைப் பார்த்துட்டு "வேற யாருக்கோ போயிடுச்சு"ன்னு பதறாதீங்க. கொஞ்சம் கீழ டோக்கன் ட்ரான்ஸ்ஃபர்னு தனியா ஒரு வரி இருக்கும், அதுல யார்கிட்டேர்ந்து யாருக்கு எவ்வளவுன்னு இருக்கும், உண்மையா பணம் போன அட்ரஸ் அதுதான். அதை உங்க அட்ரஸோட முதல் எழுத்துலேர்ந்து கடைசி எழுத்து வரைக்கும் ஒப்பிட்டுப் பாருங்க, முன்னாடி நாலு பின்னாடி நாலு மட்டும் பார்த்தா பத்தாது, ஏன்னா முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கிற போலி அட்ரஸ் உருவாக்கி உங்க ஹிஸ்டரியில நுழைக்கிற ஆளுங்க இருக்காங்க.

ஏன் பெரும்பாலும் எத்திரியம் குடும்பத்துக்குள்ளயே இந்தத் தப்பு நடக்குது

எத்திரியம், பிஎன்பி ஸ்மார்ட் செயின், பாலிகான், ஆர்பிட்ரம், ஆப்டிமிசம், பேஸ், அவலாஞ்ச் சி-செயின் எல்லாத்துலயும் அட்ரஸ் ஒரே மாதிரிதான், ஜீரோ எக்ஸ்னு ஆரம்பிச்சு மொத்தம் 42 எழுத்து. ஒரே பிரைவேட் கீயிலேர்ந்து (அட்ரஸோட ரகசிய சாவி) கணக்குப் போட்டா இந்த எல்லா செயின்லயும் அச்சு அசலா அதே அட்ரஸ்தான் வரும். அதனால எந்த செயினை நீங்க தப்பா செலக்ட் பண்ணினாலும் எக்ஸ்சேஞ்ச் தடுக்காது, அட்ரஸ் சரியாத்தானே இருக்கு. ட்ரான் அப்படி இல்ல, அங்க அட்ரஸ் "டி"யில ஆரம்பிச்சு 34 எழுத்து வரும், சொலானாவுக்கு வேற ஃபார்மட், பிட்காயினுக்கு வேற, அதனால டிஆர்சி-20 (ட்ரான் நெட்வொர்க்) செலக்ட் பண்ணிட்டு ஜீரோ எக்ஸ் அட்ரஸ் போட்டா "செல்லாத அட்ரஸ்"னு முகத்துக்கு நேரா சொல்லிடும். தப்பு பண்ண வசதியா இருக்கிறது ஒரே மாதிரி அட்ரஸ் இருக்கிற இடத்துலதான், ஆனா காப்பாத்துறதும் அதே விஷயம்தான், ஒரே சாவி எல்லாப் பூட்டையும் திறக்கும்.

உங்க சொந்த வாலட்டுக்குத்தான் போயிருக்குன்னா

மெட்டாமாஸ்க், ட்ரஸ்ட் வாலட், லெட்ஜர், ட்ரெஸர், எதுவா இருந்தாலும் சரி, 12 இல்ல 24 வார்த்தை சீட் ப்ரேஸ் உங்க கையில இருந்தா நிம்மதியா உட்காருங்க, பணம் ஏற்கனவே உங்ககிட்டதான் இருக்கு, வாலட் வேற ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்.

வாலட்ல நெட்வொர்க்கை மாத்துங்க. பாலிகான், பிஎன்பி ஸ்மார்ட் செயின் மாதிரி பிரபலமான செயின் எல்லாம் லிஸ்ட்லயே இருக்கும், இல்லன்னா செயின்லிஸ்ட் சைட்லேர்ந்து சேர்க்கலாம், சேர்க்கும்போது செயின் ஐடி சரியான்னு பார்த்துக்கங்க: எத்திரியம் 1, ஆப்டிமிசம் 10, பிஎன்பி ஸ்மார்ட் செயின் 56, பாலிகான் 137, பேஸ் 8453, ஆர்பிட்ரம் ஒன் 42161, அவலாஞ்ச் சி-செயின் 43114. நெட்வொர்க் மாத்தினதும் அந்த செயினோட சொந்த காயினா இருந்தா உடனே தெரிஞ்சிடும். டோக்கனா இருந்தா சில நேரம் தெரியாது, அப்ப "இம்போர்ட் டோக்கன்"னு போய் காண்ட்ராக்ட் அட்ரஸ் கொடுக்கணும், அந்த அட்ரஸை உங்க ட்ரான்ஸாக்ஷன் பக்கத்துலயே டோக்கன் பேர் மேல கிளிக் பண்ணி எடுத்துக்கங்க. எத்திரியத்துல இருக்கிற யூஎஸ்டிடி காண்ட்ராக்ட் அட்ரஸை பாலிகான்ல போட்டா வேலைக்கு ஆகாது, ஒவ்வொரு செயின்லயும் காண்ட்ராக்ட் வேற. டெசிமல் (புள்ளிக்கு அப்புறம் எத்தனை இலக்கம்) கேட்டாலும் அந்த செயின்ல என்னவோ அதைத்தான் போடணும், யூஎஸ்டிடிக்கு எத்திரியத்துல 6 டெசிமல், பிஎன்பி ஸ்மார்ட் செயின்ல 18, மாத்திப் போட்டா பேலன்ஸ் கோடிக்கணக்குல தெரியும் இல்லன்னா ஒண்ணுமே தெரியாது, பணத்துக்கு ஒண்ணும் ஆகாது, காட்டுறதுதான் தப்பா இருக்கும்.

இப்ப பணம் கண்ணுக்குத் தெரியும். ஆனா நகர்த்தப் போனா நகராது, "கேஸ் பத்தல"ன்னு வரும், இங்கதான் நானும் மாட்டிக்கிட்டேன். எந்த செயின்லயும் எதையாவது அனுப்பணும்னா அந்த செயினோட சொந்த காயின் கொஞ்சம் வேணும், பாலிகான்னா பிஓஎல் (2024 செப்டம்பருக்கு முன்னாடி மேட்டிக்னு பேர்), பிஎன்பி ஸ்மார்ட் செயின்னா பிஎன்பி, அவலாஞ்ச்னா அவாக்ஸ், ஆர்பிட்ரம் ஆப்டிமிசம் பேஸ் மூணுக்கும் ஈத்தர். என்கிட்ட எத்திரியத்துல ஈத்தர் நிறைய இருந்துச்சு, பாலிகான்ல ஒரு பைசா பிஓஎல் இல்ல, 640 யூஎஸ்டிடி கண்ணு முன்னாடி இருக்கு, அதை ஒரு அடி நகர்த்த முடியல. இன்னொரு விஷயமும் கவனிங்க, ஆர்பிட்ரம்ல மாட்டினா எத்திரியம் மெயின்நெட்ல இருக்கிற ஈத்தர் உதவாது, ஆர்பிட்ரம் செயின்லயே ஈத்தர் இருக்கணும். வழி சிம்பிள்தான், எக்ஸ்சேஞ்ச்ல அந்த காயினைக் கொஞ்சமா வாங்கி, அதே செயின் வழியா, அதே அட்ரஸுக்கு வித்ட்ரா பண்ணுங்க. வித்ட்ரா மினிமம் அளவே போதும், இந்த செயின்கள்ல ஒரு டோக்கன் ட்ரான்ஸ்ஃபருக்கு ரொம்பக் கம்மிதான் ஆகும். எத்திரியம் மெயின்நெட்ல மாட்டியிருந்தா மட்டும் கொஞ்சம் கூடுதலா எடுத்துக்கங்க, அங்க வெறும் ஈத்தர் அனுப்ப 21,000 கேஸ் யூனிட்னா டோக்கன் அனுப்ப அதைவிட ரெண்டு மூணு மடங்கு ஆகும், நெட்வொர்க் நெரிசலா இருக்கிற நேரத்துல அது நல்லாவே கடிக்கும்.

கேஸ் வந்ததும் ரெண்டு வழி. ஒண்ணு, ஒரு செயின்லேர்ந்து இன்னொரு செயினுக்குக் காயினை மாத்துற பிரிட்ஜ் மூலமா சரியான செயினுக்குக் கொண்டுபோறது. இன்னொண்ணு, அந்தத் தப்பான செயினையும் ஏத்துக்கிற எக்ஸ்சேஞ்சுக்கு டெபாசிட் பண்ணி, அங்கேர்ந்து சரியான செயின்ல வித்ட்ரா பண்றது. புதுசா பண்றவங்களுக்கு ரெண்டாவதுதான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன், பிரிட்ஜ்ல அப்ரூவல் (உங்க டோக்கனை எடுக்க அதுக்கு அனுமதி) கொடுக்கணும், போலி பிரிட்ஜ் சைட் ஏகப்பட்டது இருக்கு, ஏற்கனவே பதட்டத்துல இருக்கிறவங்க கூகுள்ல தேடி மேல வர்ற விளம்பரத்தை கிளிக் பண்ணிடுவாங்க. ஆனா டெபாசிட் பண்றதுக்கு முன்னாடி அந்த எக்ஸ்சேஞ்ச் அதே டோக்கனை அதே செயின்ல எடுக்குதான்னு டெபாசிட் பக்கத்துல செலக்ட் பண்ணிப் பாருங்க. யூஎஸ்டிசில (இதுவும் டாலர் விலையில நிக்கிற காயின்தான்) முக்கியமா பார்க்கணும், பாலிகான்லயும் ஆர்பிட்ரம்லயும் சர்க்கிள் கம்பெனி நேரடியா வெளியிடுற யூஎஸ்டிசி ஒண்ணு, பழைய பிரிட்ஜ் வழியா வந்த யூஎஸ்டிசி டாட் ஈ ஒண்ணு, ரெண்டுக்கும் காண்ட்ராக்ட் வேற வேற, ஒண்ணை எடுக்கிற எக்ஸ்சேஞ்ச் இன்னொண்ணை எடுக்காம இருக்கலாம். ஒரு சின்ன தொகையை முதல்ல அனுப்பி அது அக்கவுண்ட்ல ஏறினதுக்கு அப்புறம் மீதியை அனுப்புங்க.

லெட்ஜர் ட்ரெஸர் வெச்சிருக்கிறவங்க, கம்பெனி ஆப்ல அந்த செயின் தெரியலன்னா டிவைஸை மெட்டாமாஸ்க்கோட கனெக்ட் பண்ணி அங்க நெட்வொர்க்கை மாத்துங்க, சீட் ப்ரேஸை மெட்டாமாஸ்க்ல டைப் பண்ணாதீங்க, டைப் பண்ணிட்டா ஹார்ட்வேர் வாலட் வாங்கினதுக்கு அர்த்தமே இல்ல.

எக்ஸ்சேஞ்ச் அட்ரஸுக்குப் போயிட்டா

இது கஷ்டமான விஷயம். எக்ஸ்சேஞ்ச் கொடுக்கிற டெபாசிட் அட்ரஸ் உங்க பேர்ல இருந்தாலும் சாவி அவங்க கையில. உங்க காயின் பாலிகான்ல அந்த அட்ரஸ்ல உட்கார்ந்திருக்கும், அவங்க சிஸ்டம் எத்திரியத்தை மட்டும்தான் கண்காணிக்கும், அதனால உங்க அக்கவுண்ட்ல ஏறாது. சாவி இருக்கே, எடுத்துக் கொடுத்துடலாமேன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் கோவம் வந்துச்சு. ஆனா அந்த சாவி ஒருத்தர் டேபிள்ல கிடக்கிறது இல்ல, பல அடுக்கு பாதுகாப்புக்குள்ள இருக்கிற கையெழுத்து சிஸ்டம், அதை ஆதரிக்காத ஒரு செயினுக்காக திறக்கணும்னா ஒரு இஞ்சினியர் உட்கார்ந்து தனியா வேலை பார்க்கணும், அதனாலதான் ஃபீஸ் வாங்குறாங்க, மினிமம் தொகைன்னு வெக்கிறாங்க, சிலர் முடியாதுன்னே சொல்லிடுறாங்க. இன்னொரு சிக்கல், சில எக்ஸ்சேஞ்ச்ல டெபாசிட் அட்ரஸ் சாதாரண அட்ரஸ் இல்ல, ஸ்மார்ட் காண்ட்ராக்ட். அந்த காண்ட்ராக்ட் எத்திரியத்துல இருக்கும், பாலிகான்ல இருக்காது. அப்ப அதே காண்ட்ராக்டை அங்கயும் அதே அட்ரஸ்ல உருவாக்க முடிஞ்சாத்தான் எடுக்க முடியும். எக்ஸ்ப்ளோரர்ல அந்த டெபாசிட் அட்ரஸைத் தேடும்போது காண்ட்ராக்ட்னு ஒரு டேப் வந்தா இந்த வகைன்னு புரிஞ்சிக்கலாம்.

முதல்ல எக்ஸ்சேஞ்சோட ஹெல்ப் பக்கத்துல டெபாசிட் வரலன்னா என்ன பண்றதுன்னு தேடுங்க, சில பெரிய எக்ஸ்சேஞ்ச்ல நீங்களே ஹேஷ் போட்டு அப்ளை பண்ற மாதிரி ஃபார்ம் வெச்சிருக்காங்க. காயின்பேஸ் 2022 டிசம்பர்ல ஒரு டூல் கொண்டுவந்தாங்க, அவங்க லிஸ்ட்ல இல்லாத ஈஆர்சி-20 (எத்திரியம் நெட்வொர்க்) டோக்கனை அவங்க அட்ரஸுக்கு அனுப்பிட்டவங்க திரும்ப எடுக்கிறதுக்கு, 100 டாலருக்கு மேல போனா 5 சதவீதம் ஃபீஸ்னு அறிவிச்சாங்க. எல்லா எக்ஸ்சேஞ்சும் இந்த அளவுக்குப் போகாது, ஒவ்வொண்ணுக்கும் ரூல் வேற, நேரத்துக்கு நேரம் மாறவும் செய்யும்.

ஃபார்ம் இல்லன்னா டிக்கெட். டிக்கெட் எழுதுறதுலதான் பாதி வெற்றி இருக்கு. என் தம்பி பிஇபி-20ல (பிஎன்பி ஸ்மார்ட் செயின்) யூஎஸ்டிடி அனுப்பிட்டான், அந்த எக்ஸ்சேஞ்ச் அந்த நேரத்துல யூஎஸ்டிடியை ஈஆர்சி-20ல மட்டும்தான் எடுத்துச்சு. அவன் முதல்ல எழுதினது "என் பணம் வரல, அவசரம், ப்ளீஸ் ஹெல்ப்", அதுக்கு வந்தது "24 மணி நேரம் காத்திருக்கவும்"னு ரெடிமேட் பதில், இப்படியே நாலு தடவை. அப்புறம் நானும் அவனும் உட்கார்ந்து ஒரே மெசேஜ்ல எல்லாத்தையும் எழுதினோம்: அனுப்பின தேதி நேரம், டோக்கன் பேரு, சரியான எண்ணிக்கை கடைசி டெசிமல் வரைக்கும், எந்த செயின்ல போச்சு, எந்த செயின்ல போயிருக்கணும், டோக்கனோட காண்ட்ராக்ட் அட்ரஸ், அவங்க கொடுத்த டெபாசிட் அட்ரஸ், அனுப்பின அட்ரஸ், ஹேஷ், பிஎஸ்சிஸ்கேன் லிங்க், அனுப்பின பக்கத்தோட ஸ்க்ரீன்ஷாட். அதோட "இந்த அட்ரஸோட சாவி உங்ககிட்ட இருக்கு, காயின் இன்னும் அங்கேயே இருக்கு, மீட்புக்கான ஃபீஸ் எவ்வளவோ அதைக் கழிச்சுக்க சம்மதம்"னு தெளிவா ஒரு வரி. அதுக்கு வந்த பதில் வேற ஆள்கிட்டேர்ந்து, வேற தொனியில. அனுப்பின அக்கவுண்ட் இவனோடதுதான்னு நிரூபிக்க, அந்த அக்கவுண்ட்ல லாகின் பண்ணி வித்ட்ரா ஹிஸ்டரி வரைக்கும் போறதை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னாங்க. ஏழு வாரம் ஆச்சு, ஃபீஸ் போக மீதி வந்துச்சு. அந்த ஏழு வாரமும் வாரத்துக்கு ஒரு தடவை அதே டிக்கெட்லயே பணிவா கேட்டோம், புது டிக்கெட் போடல, புதுசு போட்டா பல இடத்துல வரிசையில பின்னாடி தள்ளிடுவாங்க.

எக்ஸ்சேஞ்ச் கடைசி வரைக்கும் முடியாதுன்னு சொன்னா, அவங்க அந்த செயினை எதிர்காலத்துல சேர்க்கும்போது கிடைக்க வாய்ப்பு இருக்கு, அதுவும் அவங்க மனசு வெச்சாத்தான். ஹேஷும் டிக்கெட் நம்பரும் பத்திரமா வெச்சுக்கங்க, அக்கவுண்டை மூடிடாதீங்க.

ட்ரான், சொலானா, பிட்காயின்

ஃபார்மட் வேறயா இருக்கிறதால இங்க தப்பு கம்மி, ஆனா நடக்குது. சீட் ப்ரேஸ் ஒண்ணா இருந்தாலும் ஒவ்வொரு செயினுக்கும் அதுலேர்ந்து சாவி எடுக்கிற பாதை வேற, எத்திரியத்துக்கு 60ன்னு ஒரு எண், ட்ரானுக்கு 195, சொலானாவுக்கு 501. அதனால ஒரு சீட்லேர்ந்து வர்ற எத்திரியம் சாவியும் ட்ரான் சாவியும் ஒண்ணு கிடையாது. ஆனா ட்ரான் அட்ரஸோட உள்ளுக்குள்ள இருக்கிற 20 பைட் எத்திரியம் அட்ரஸ் கணக்குப் போடுற மாதிரியேதான் வருது, அதனால ஏதோ ஒரு சர்வீஸ் ஜீரோ எக்ஸ் அட்ரஸை ட்ரான் அட்ரஸா மாத்தி அனுப்பியிருந்தா, உங்க எத்திரியம் அக்கவுண்டோட பிரைவேட் கீயை எடுத்து ட்ரான்லிங்க் மாதிரி வாலட்ல இம்போர்ட் பண்ணினா அந்த "டி" அட்ரஸ் திறந்துக்கும். சீட் ப்ரேஸை இம்போர்ட் பண்ணினா திறக்காது, தனி பிரைவேட் கீதான். நகர்த்த ட்ரானோட சொந்த காயின் டிஆர்எக்ஸ் வேணும்.

பிட்காயின் கேஷ் (பிசிஹெச்) 2017 ஆகஸ்ட் 1ல பிட்காயின்லேர்ந்து பிரிஞ்சப்ப அட்ரஸும் அப்படியே கூட வந்துச்சு, அதனால 1ல ஆரம்பிக்கிற பிட்காயின் அட்ரஸுக்கு பிசிஹெச் போயிருந்தா அதே சாவியில எடுக்கலாம். எலக்ட்ரான் கேஷ் மாதிரி வாலட்ல இம்போர்ட் பண்றதுக்கு முன்னாடி அந்த சீட்ல இருக்கிற பிட்காயினை எல்லாம் புது சீட்ல உருவாக்கின வாலட்டுக்கு மாத்திடுங்க, இந்த வரிசையை எக்காரணம் கொண்டும் மாத்தாதீங்க. எத்திரியம் கிளாசிக்கும் இதே கதைதான், 2016 ஜூலையில பிரிஞ்சது, அட்ரஸ் ஒண்ணே, மெட்டாமாஸ்க்ல அந்த நெட்வொர்க்கைச் சேர்த்தா தெரியும்.

மல்டிசிக், காண்ட்ராக்ட் வாலட்

சேஃப் மாதிரி மல்டிசிக் வாலட் வெச்சிருக்கிறவங்க இதை நல்லா கவனிங்க. மல்டிசிக் அட்ரஸுக்குப் பின்னாடி பிரைவேட் கீ கிடையாது, அது ஒரு காண்ட்ராக்ட், எந்த செயின்ல டிப்ளாய் பண்ணினீங்களோ (நிறுவினீங்களோ) அங்க மட்டும்தான் உயிரோட இருக்கும். 2022 மே, ஜூன்ல என்ன நடந்துச்சுன்னா, ஆப்டிமிசம் ஃபவுண்டேஷன் வின்டர்மியூட்ங்கிற மார்க்கெட் மேக்கருக்கு (காயினைத் தொடர்ந்து வாங்கி விக்கிற கம்பெனி) 2 கோடி ஓபி டோக்கன் (ஆப்டிமிசத்தோட டோக்கன்) அனுப்பினாங்க. வின்டர்மியூட் கொடுத்த அட்ரஸ் எத்திரியத்துல இருந்த அவங்க மல்டிசிக், ஆப்டிமிசம் செயின்ல அது டிப்ளாய் ஆகவே இல்ல. மொத்தமும் அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டு டெஸ்ட் ட்ரான்ஸாக்ஷன் கூட போச்சு, வந்துடுச்சுன்னு உறுதியும் சொன்னாங்க. யாரும் அந்த டெஸ்ட் காயினைத் திரும்ப வெளிய அனுப்ப முடியுதான்னு பார்க்கல. அவங்க சரி பண்றதுக்குள்ள வேற ஒருத்தர் பழைய டிப்ளாய் ட்ரான்ஸாக்ஷனை ஆப்டிமிசம்ல திரும்ப ஓட்டி, அதே அட்ரஸ்ல தன்னோட காண்ட்ராக்டை உருவாக்கி எல்லாத்தையும் கையில எடுத்துட்டார், அப்புறம் 1.7 கோடி டோக்கனைத் திருப்பிக் கொடுத்தார்.

அதனாலதான் இதுல அமைதியா, ஆனா வேகமா நடக்கணும்னு சொல்றேன். சேஃப்ல புதுசா உருவாக்கின வாலட்டுக்கு, அதே செட்டப்பை இன்னொரு நெட்வொர்க்ல அதே அட்ரஸோட உருவாக்குற வசதி இருக்கு, ஆனா ஆரம்பத்துல உருவாக்கினப்ப யார் யார் ஓனரா இருந்தாங்களோ அதே செட்டப்தான் வரும், நடுவுல ஓனரை மாத்தியிருந்தா பழைய ஓனர் சாவி வேணும். ரொம்பப் பழைய சேஃப்னா நீங்களா முயற்சி பண்ணாம சேஃப் டீமோட அதிகாரப்பூர்வ சப்போர்ட்டை உடனே பிடிங்க. தொகை எவ்வளவுன்னு வெளிய யார்கிட்டயும் பேசாதீங்க.

மத்ததெல்லாம் சுருக்கமா. வேற ஒருத்தரோட சொந்த வாலட்டுக்கு அனுப்பியிருந்தா, சாவி அவர்கிட்ட இருக்கு, அவர் நெட்வொர்க் மாத்திப் பார்த்தா தெரியும், இதையே அவருக்குக் காட்டி கேஸ் காயின் கொஞ்சம் நீங்களே அனுப்பி விடுங்க. டோக்கனோட காண்ட்ராக்ட் அட்ரஸுக்கே அனுப்பிட்டீங்கன்னா, அந்த காண்ட்ராக்ட்ல எடுக்கிற வழி எழுதியிருந்தாலோ, வெளியிட்ட கம்பெனி தலையிட்டாலோ ஒழிய வராது, நேர்மையா சொல்லணும்னா பெரும்பாலும் போனது போனதுதான். எக்ஸ்ஆர்பி, ஸ்டெல்லார், டான் (டிஓஎன்) மாதிரி காயின்ல மெமோவோ டேகோ (எந்த அக்கவுண்டுக்குன்னு காட்டுற குறிப்பு) விட்டுட்டு எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பியிருந்தா பயப்படாதீங்க, அது சரியான செயின்ல சரியான அட்ரஸ்லதான் இருக்கு, யாரோடதுன்னுதான் தெரியல, டிக்கெட் போட்டா பெரும்பாலும் ஏத்திக் கொடுத்துடுவாங்க.

உதவி பண்றேன்னு வர்றவங்க

எரியுற வீட்டுல பிடுங்குறது லாபம்னு ஒரு கூட்டமே இதுக்குன்னு காத்துக்கிட்டு இருக்கு. "யூஎஸ்டிடி தப்பான நெட்வொர்க்ல போயிடுச்சு"ன்னு எங்கேயாவது ஒரு வரி எழுதிப் பாருங்க, அடுத்த நிமிஷமே நாலு பேர் தனி மெசேஜ்ல வருவாங்க, ஒருத்தர் சப்போர்ட் டீம்னு சொல்லுவார், ஒருத்தர் எத்திக்கல் ஹேக்கர்னு சொல்லுவார், ஒருத்தர் "எனக்கும் இப்படி ஆச்சு, இவர்தான் எடுத்துக் கொடுத்தார்"னு இன்னொரு ஐடியைக் கை காட்டுவார். செயின்ல முடிஞ்சு போன ட்ரான்ஸாக்ஷனைத் திருப்புற சாஃப்ட்வேர் எதுவும் கிடையாது. சாவி உங்ககிட்ட இருந்தா நீங்களே எடுக்கலாம், எக்ஸ்சேஞ்ச்கிட்ட இருந்தா எக்ஸ்சேஞ்ச்தான் எடுக்கலாம், நடுவுல வர்றவர்கிட்ட என்ன இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. முன்பணம் வாங்கிக்கிட்டு மீட்டுத் தரோம்னு சொல்ற இந்த மாதிரி ஆளுங்களைப் பத்தி 2023 ஆகஸ்ட்ல எஃப்பிஐயே தனியா எச்சரிக்கை விட்டுச்சு.

இன்னொண்ணு, கமெண்ட்ல யாரோ "என் வாலட்ல யூஎஸ்டிடி இருக்கு, இதுதான் என் சீட் ப்ரேஸ், எப்படி அனுப்புறது"ன்னு அப்பாவி மாதிரி கேட்பாங்க. திறந்து பார்த்தா உண்மையாவே பணம் இருக்கும், டிஆர்எக்ஸ் மட்டும் இருக்காது. கேஸுக்கு நீங்க டிஆர்எக்ஸ் போட்டா உடனே அது காணாம போயிடும், ஏன்னா அந்த ட்ரான் அக்கவுண்டோட பெர்மிஷனை ஏற்கனவே வேற சாவிக்கு மாத்தி வெச்சிருப்பாங்க, அந்த 12 வார்த்தையால எதையும் நகர்த்த முடியாது.

இதைப் படிக்கிறதுக்கு முன்னாடியே சீட் ப்ரேஸை யாருக்காவது கொடுத்திருந்தாலோ ஏதாவது சைட்ல அடிச்சிருந்தாலோ, வெட்கப்பட்டுக்கிட்டு உட்காராம இப்பவே வேலையை ஆரம்பிங்க. புது சீட் ப்ரேஸோட புது வாலட் உருவாக்குங்க, பழைய சீட்லயே இன்னொரு அக்கவுண்ட் உருவாக்குறது உதவாது. பழைய வாலட்ல இருக்கிறதுல அதிக மதிப்பு உள்ளதை முதல்ல புது அட்ரஸுக்கு அனுப்புங்க, அப்புறம் அடுத்தது, அப்புறம் அடுத்தது, எல்லா செயின்லயும். தப்பான நெட்வொர்க்ல மாட்டிக்கிட்ட காயினும் அதே பழைய அட்ரஸ்லதானே இருக்கு, அதுக்கு கேஸ் அனுப்புறப்ப மட்டும் கவனம், திருட்டு சாவி வெச்சிருக்கிறவங்க ஓட விட்ட போட் (தானா இயங்குற ப்ரோகிராம்) அந்த கேஸை வந்த வேகத்துல உருவிடும், அதனால அனுப்புற அட்ரஸ், எண்ணிக்கை எல்லாத்தையும் முன்னாடியே நிரப்பி ரெடியா வெச்சுக்கிட்டு, கேஸ் வந்த நொடியே கன்ஃபர்ம் அடிங்க. சீட் எங்கயும் கசியாதவங்களுக்கு இந்த அவசரம் எதுவும் தேவையில்ல, நிதானமா பண்ணலாம், எடுத்து முடிச்சதும் நடுவுல ஏதாவது பிரிட்ஜுக்கோ சைட்டுக்கோ அப்ரூவல் கொடுத்திருந்தா அந்த செயினோட எக்ஸ்ப்ளோரர்லயே டோக்கன் அப்ரூவல் பக்கம் இருக்கு, அங்க போய் ரிவோக் (ரத்து) பண்ணிடுங்க. அடுத்த தடவை அனுப்புறப்ப சின்னதா ஒரு தொகையை முதல்ல அனுப்பி, வந்துச்சான்னு மட்டும் பார்க்காம அதை அங்கேர்ந்து ஒரு தடவை வெளிய அனுப்பியும் பார்த்துட்டு மீதியை அனுப்புங்க.